பழஞ்சேலை போர்வையாகும் முன் – வீட்டு மிஷினில் தைப்பதற்கான ஆயத்தங்கள்

கந்தை என்றவுடன் நமக்கு வறுமைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பெரிய உறவுக்கூட்டமே உண்டு. வடமொழியில் ‘கந்தா’ என்றால் பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் ‘காந்தா’ இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. பீகாரில் அதற்கு ‘சுஜனி’ என்று பெயர். மராட்டியத்தில் ‘கோதடி’, கன்னட நாட்டில் ‘கௌதி’, சிந்துப் பகுதியில் ‘ரல்லி’ என்பார்கள். நம் சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் ‘பொந்த’ என்கிறார்கள். மேலைநாட்டார் ‘குவில்ட்’ என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் தையலால் ஒன்றாகப் பிணைத்தால் அது குவில்ட்.

தமிழுக்கும் இது புதிதல்ல. தைப்பதைத் ‘துன்னம்’ என்றார்கள் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் மறக்கவில்லை. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் உடுத்தியிருந்த பழந்துணி வேற்று இழைகளால் தைக்கப்பட்டது. அதைக் களையச் செய்து கரிகாலன் புத்தாடை தந்தான் என்பது அந்தப் பாட்டுச் சொல்லும் செய்தி. ஒட்டுப்போட்ட துணி புலவர் கண்ணில் பட்டு இலக்கியத்தில் ஏறி ஈராயிரம் ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரை இலக்கிய ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டதல்ல. வீட்டிலிருக்கும் சாதாரணத் தையல் மிஷினில் ஒரு போர்வை தைக்க நினைப்பவர்கள், மிஷினில் உட்காருவதற்கு முன் என்னென்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதே நோக்கம். “தைக்கிறது ஒரு நாள் வேலை, தயார் பண்றதுதான் நாலு நாள் வேலை” என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். அது முழுக்க உண்மை.

ஏன் இப்போது?

காரணம் இருக்கிறது. நம் தாய்மாரும் பாட்டிமாரும் அன்றாடம் கட்டியது நூல்சேலை. இன்றைய பெண்கள் அன்றாடம் உடுத்துவது பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த சேலையோ, சுடிதாரோ, நைட்டியோ. ஆகவே பீரோவின் அடித்தட்டில் மடித்துக் கிடக்கும் அந்த நைந்த நூல்சேலைகளே பல குடும்பங்களில் கடைசி. அவை தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்த தலைமுறையிடம் ‘பழைய நூல்சேலை’ என்று ஒரு பொருளே இருக்காது. தெருவில் வரும் பாத்திரக்காரர் பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார். ஜரிகையும் பட்டும் இருந்தால்தான் அவருக்கு விருப்பம், நைந்த நூல்சேலையை ஒதுக்கிவிடுவார். அது கடைசியில் தரை துடைக்கப் போகும், இல்லாவிட்டால் குப்பையில் எரியும்.

பிறந்த குழந்தையை நாம் புதுத்துணியில் கிடத்துவதில்லை, பழைய நூல்துணியில்தான் கிடத்துகிறோம். தூளி கட்டுவதும் பழஞ்சேலையில்தான். பலமுறை துவைத்த பருத்திக்கு உள்ள மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த மென்மையை இன்னும் இருபது முப்பது ஆண்டுக்குக் காப்பாற்றும் வழிதான் போர்வை தைப்பது.

சமண நெறியில் வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. பட்டுக்காகக் கூட்டோடு புழுவைக் கொதிநீரில் இடுகிறார்கள். சில மெத்தைகளுக்குப் பறவை இறகு வேண்டும். பருத்திக்கு அந்தப் பழி இல்லை. அதோடு, இருப்பதை முழுக்கப் பயன்படுத்திய பிறகே புதிதாக வாங்குவது, மிகுபொருள் விரும்பாமை என்ற விரதத்தின் வீட்டு வடிவம். மார்கழி மாதத்தில் திருமலை மேல் தங்கியவர்களுக்குக் குளிரென்றால் என்னவென்று தெரியும், அது கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். கீழே திருப்பதியிலும் சித்தூரிலும் நமக்கு அத்தனை கனம் தேவையில்லை. ஐந்து அடுக்கு நூல்சேலை தாராளமாகப் போதும்.

முதல் வேலை: துணியைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பழஞ்சேலையும் உதவாது. முதலில் நூலா, கலப்பா என்று பாருங்கள். சேலை ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, எச்சரிக்கையாக ஒரு இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், மெல்லிய சாம்பல் உதிரும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். ஜவுளிக் கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் சோதனை இது. கலப்புச் சேலையை நூல்சேலையோடு சேர்த்து அடுக்காதீர்கள். அது வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும்.

அடுத்து வலுவைச் சோதிக்க வேண்டும். சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். ‘சர்’ரென்று இழை விடுகிற சத்தம் வந்தால் அந்தத் துண்டை உள்ளடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாயிருக்கும் பகுதியும் முந்தானையும் மேலே வரட்டும். ஜரிகைக் கரையிருந்தால் வெட்டி எடுத்துவிட வேண்டும், பழைய ஜரிகை ஊசியையும் நூலையும் அறுக்கும்.

நம் வட்டாரத்தில் துணிக்குப் பஞ்சமில்லை. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறார்கள். அடித்துணிக்குப் புதுத்துணி வாங்குவதானால் ஒன்றை மறக்கக் கூடாது. புது நூல்துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். பழஞ்சேலை சுருங்க வேண்டியதெல்லாம் என்றோ சுருங்கி முடித்துவிட்டது. இரண்டையும் அப்படியே வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் கீழே சுருங்கி மேலே குமிழ் குமிழாக நிற்கும். ஆகவே புதுத்துணியைக் கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் கத்தரியைத் தொட வேண்டும்.

சாயச் சோதனையும் அவசியம். வெள்ளைத் துணியை நனைத்து, சிவப்பு, கருநீலம், மெரூன் நிறங்களின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அதை நம்பி வெள்ளைச் சேலையோடு சேர்க்காதீர்கள், தண்ணீர் தெளிகிறதா என்பதுதான் நம்பத்தக்க சான்று.

எல்லாவற்றையும் நல்ல வெயிலில் காயவைத்து உதறிப் பாருங்கள். துணியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்ப்பதைச் சமண முனிவர் ஒழுக்கத்தில் ‘பிரதிலேகனம்’ என்பார்கள். மடிப்புக்குள் இருக்கும் வெள்ளிப்பூச்சியோ சிறு எறும்போ தையலுக்குள் சிக்காமல் வெளியே போகட்டும். நமக்கும் சுத்தம், அவற்றுக்கும் உயிர்.

இரண்டாவது: அளவும் கணக்கும்

5.5 மீட்டர் சேலை என்பது ஏறத்தாழ 216 அங்குலம். அகலம் சுமார் 45 அங்குலம். நீளத்தை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 72 அங்குலம், அதாவது ஆறடி. இரண்டு சேலையிருந்தால் ஆறு துண்டு. முதல் சேலையின் மூன்று துண்டும் உள்ளடுக்கு. இரண்டாம் சேலையில் ஒரு துண்டு மேல்துணி, ஒன்று அடித்துணி, மீதமுள்ள ஒன்று ஓரப்பட்டிக்கு. ஆக, ஐந்து அடுக்கில் ஒற்றைக் கட்டில் போர்வை தயார்.

ஐந்தையும் ஒரே அளவாக வெட்டக் கூடாது. அடித்துணி முழு அளவில் இருக்கட்டும். மற்ற நாலையும் 68க்கு 42 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். அப்போது அடித்துணி சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வெளியே தெரியும். தைக்கத் தைக்க மேலடுக்குகள் சற்றே விரிந்து வெளியே தள்ளும், அதற்கு இடம் வேண்டும். சேலைக் கரைகள் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தடிக்காமலும் இருக்கும். தைத்து முடித்தபின் ஓரம் சமன் செய்தால் 66க்கு 40 அங்குலம் நிற்கும்.

நூல் எவ்வளவு வேண்டும்? மூன்று அங்குல இடைவெளியில் நீளவாக்கில் 13 கோடு, குறுக்கே 22 கோடு என்று வைத்துக்கொண்டால் தையலின் மொத்த நீளம் சுமார் 44 மீட்டர். இத்தனை அடுக்கில் மேல்நூலும் பாபின் நூலும் தனித்தனியே அதைப்போல் ஒன்றரை மடங்கு பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 130 மீட்டர். ஓரப்பட்டி, சோதனை, அறுந்து வீணாவது எல்லாம் சேர்த்து 200 மீட்டர் நூல் கையிருப்பு வையுங்கள். ஒரே நிறம், ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். பாதியில் நூல் தீர்ந்து கடைக்கு ஓடினால் அதே நிறம் கிடைக்காது.

ஓரப்பட்டிக்கு மீதித் துண்டிலிருந்து 2.5 அங்குல அகலத்தில் நாலு பட்டை வெட்டி ஒட்டுப்போட்டு, இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு வைத்துவிடுங்கள். போர்வையின் சுற்றளவு 212 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நாலு பட்டையில் அது அடங்கிவிடும்.

மூன்றாவது: அடுக்குதல்

இந்த வேலைக்கு மேசையைவிடச் சமமான தரை நல்லது. தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியை உள்புறம் மேலே தெரியும்படி விரித்து, நாலு ஓரத்தையும் ஒட்டும் நாடாவால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் நிற்க வேண்டும், அதற்காக முறுக்கி இழுக்கவும் கூடாது. இழுத்து ஒட்டியது நாடாவை எடுத்தவுடன் பின்வாங்கிச் சுருக்கம் விழும். அதன்மேல் உள்ளடுக்குகளை ஒவ்வொன்றாக வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் தடவிவிடுங்கள். கடைசியாக மேல்துணி.

உள்ளே பஞ்சு வைக்கலாமா என்று கேட்பார்கள். தலையணையில் அடைக்கும் இலவம்பஞ்சு இதற்கு ஆகாது. அதன் இழை குட்டை, வழுவழுப்பு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. ரெண்டு துவைப்பில் மூலைக்கு ஓடிக் கட்டி கட்டியாகிவிடும். கனம் வேண்டுமென்றால் பழைய பருத்திக் கம்பளி மாதிரியான விரிப்பையோ, தகடாக அமுக்கிய பருத்திப் பஞ்சையோ வையுங்கள்.

இனி, அடுக்குகள் நகராமல் பிடித்து வைக்க வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, நம் பாட்டிமார் செய்த தற்காலிகத் தையல்: நீளமான ஓட்டுத்தையலாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரிசை போடுவது. மற்றது சேஃப்டி பின். நாலு அங்குலத்துக்கு ஒன்று வீதம் குத்தினால் இந்த அளவுக்குச் சுமார் 160 பின் ஆகும். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். மிஷின் கோடு ஓடும் பாதையில் பின் இருக்கக் கூடாது. துருப்பிடித்த பின்னை அன்றே தூக்கிப் போடுங்கள், அதன் கறை சேலையை விட்டுப் போகாது.

கணக்கு வழக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னை எண்ணி எடுங்கள், முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடிக்காமல் போர்வையை யாருக்கும் கொடுக்காதீர்கள். குழந்தை படுக்கும் பொருளில் ஒரு பின் தங்கிவிட்டால் என்ன ஆகுமென்று சொல்லத் தேவையில்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இதை மேலே போர்த்தவும் கூடாது, முகத்தை மூடி மூச்சுத் திணற வாய்ப்புண்டு. குழந்தை பெரிதாகும்வரை பொறுத்திருக்கலாம்.

நான்காவது: மிஷினைத் தயார் செய்தல்

1846இல் எலியாஸ் ஹோவும், 1851இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த இருநூல் பூட்டுத்தையல்தான் இன்றும் நம் வீட்டு மிஷினில் விழுகிறது. இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்தியடிகள்கூட, 1924இல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கரின் தையல் மிஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். 1930களில் கல்கத்தாவில் ‘உஷா’ மிஷின் தயாராகத் தொடங்கியபின் அது நம் வீடுகளில் கல்யாணச் சீர்வரிசையிலும் இடம் பிடித்தது. அந்தக் கறுப்பு நிறக் கால்மிஷின் உங்கள் வீட்டில் துணி மூடிக் கிடந்தால், அதுவே போதும். நேர்த்தையல் மட்டும் போடும் அந்தப் பழைய மிஷின், பல அடுக்குத் துணியை அலுக்காமல் தைக்கும்.

முதலில் பிரஷால் பல்லிடுக்கிலும் பாபின் கூண்டைச் சுற்றிலும் உள்ள பஞ்சுத்தூசியை எடுங்கள். பழஞ்சேலை நிறையத் தூசி விடும், நடுவிலும் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டிவரும். மிஷின் எண்ணெய் விட்டு, வேண்டாத துணியில் சிறிது நேரம் ஓட்டினால் எண்ணெய்க்கறை போர்வையில் படாது. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசினாகி மிஷின் இறுகிவிடும்.

ஊசி புதிதாக இருக்கட்டும். மெல்லிய சேலை அடுக்குக்கு 14ஆம் நம்பர், கனமான அடுக்குக்கு 16. முனை மழுங்கிய ஊசி ‘டக் டக்’கென்று சத்தம் போடும், இழையை அறுக்கும். தையல் நீளம் அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து வரை இருந்தால் அழகாகவும் வலுவாகவும் இருக்கும். துணியை அமுக்கும் பாதத்தின் அழுத்தத்தை, அதன் கம்பிக்கு மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்திக் குறையுங்கள். காரணம் இதுதான்: கீழேயுள்ள பல் அடித்துணியை மட்டும் முன்னே தள்ளுகிறது, மேலேயுள்ள பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. அழுத்தம் அதிகமானால் மேல்துணி பின்தங்கி, கோட்டின் கடைசியில் மடிப்பு விழும். இதற்கென்றே மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ என்ற பாதம் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் மிஷினுக்குப் பொருந்துமா என்று காட்டி வாங்குங்கள்.

பிறகு சோதனைத் துண்டு. வெட்டி மிஞ்சிய துணியில் அதே ஐந்து அடுக்கு வைத்து ஒரு சாண் நீளம் தைத்து இருபுறமும் பாருங்கள். இரு நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு நடு அடுக்குக்குள் மறைந்திருக்க வேண்டும். அடியில் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்வு. பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம். இது சரியாகாமல் போர்வையை மிஷினில் வைக்காதீர்கள். மூன்று நாலு பாபினை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள்.

ஐந்தாவது: இடமும் வரிசையும்

போர்வையின் பாரம் மிஷினிலிருந்து கீழே தொங்கினால் அதுவே துணியை இழுத்து ஊசியை வளைத்துவிடும். மிஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் மேசையோ ஸ்டூலோ போட்டுப் பாரத்தைத் தாங்கச் செய்யுங்கள். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவான இடந்தான் இருக்கும். போர்வையின் வலப்பாதியைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அதற்குள் விட வேண்டும். 40 அங்குல அகலம் சுலபமாக நுழையும். இரட்டைக் கட்டில் அளவை முதல் முயற்சியிலேயே எடுக்காதீர்கள்.

கோடுகளைச் சாக்பீஸால் முன்பே வரைந்துகொள்ளுங்கள். முதலில் நடுவே நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று தைத்துவிட்டால் நாலு கால்பங்கும் இடத்தில் நிற்கும். பிறகு நடுவிலிருந்து வலது ஓரம் வரை, திருப்பிப் போட்டு நடுவிலிருந்து மறு ஓரம் வரை. பின்னை ஊசி அருகே வரும்போது நிறுத்தி எடுங்கள், “தாண்டிப் போயிடும்” என்று ஓட்டினால் ஊசி உடைந்து கண்ணில் தெறிக்கும். காலை வெளிச்சத்தில் உட்காருங்கள். மணிக்கொரு முறை எழுந்து முதுகை நிமிர்த்துங்கள்.

நிறைவாக

1960இல் வட எல்லை முடிவானபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. நம் பிள்ளைகள் தெலுங்கில் படிக்கிறார்கள், வேலைக்கு எங்கெங்கோ போகிறார்கள். அவர்களுடைய பெட்டியில் வைத்தனுப்ப நம்மிடம் புத்தகம் இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது. பாட்டி கட்டிய சேலையில் தைத்த போர்வையையும் அதோடு வைத்தனுப்பலாம். அதன் ஓரத்தில், கையால் தமிழில் அந்தச் சேலைக்குரியவரின் பெயரையும் ஆண்டையும் தைத்து வையுங்கள். பேரப்பிள்ளை எழுத்துக்கூட்டியாவது அதைப் படிக்கும்.

வீட்டில் நூல்சேலை மீதியிருக்கும்போதே, இந்தப் பொங்கலுக்குப் பீரோவைச் சுத்தம் செய்யும் நாளில், அடித்தட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு கழிக்க வேண்டியதைக் கழிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.